கேதாவின் சத்தக் கொப்பி

கேதாவின் வலது கால் செருப்பு கழன்று தார் ரோட்டில் விழுந்தது.

“அம்மா, நில்லுங்க! செருப்பு!”

அம்மா நிற்கவில்லை. கரியரில் இறால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாலத்தை நோக்கிச் சைக்கிளை மிதித்துக்கொண்டே போனார். பெட்டி இருந்ததால் கேதாவுக்கு உட்கார இடமில்லை. அவள் இவ்வளவு தூரமும் பக்கத்தில் ஓடித்தான் வந்திருந்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள்.

வழக்கமாகப் பாலத்தின் அந்தப் பக்கத்தில்தான் சோதனைச்சாவடி. அன்று ஏனோ அதை இந்தப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஓர் இராணுவவீரர் நின்று, வருகிறவர்களை மறித்துக்கொண்டிருந்தார். அம்மா குழி விழுந்த ரோட்டைப் பார்த்தபடி அவரைத் தாண்டிப் போனார்.

“நில்லு!” என்றார் அவர். “ஏய்! நில்லு! நில்லு!”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த இன்னொருவர் எழுந்தார். அவருடைய கையில் இருந்த துப்பாக்கியும் எழுந்தது.

கேதா ஓடினாள். “அம்மா! அம்மா!” என்று கத்தினாள்.

அப்போது எதிரே வந்த லொறி ஒன்று ‘பாம்’ என்று ஹோர்ன் அடித்தது. உடனே அம்மா பிரேக் பிடித்தார். சைக்கிளை ஓரம்கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

இராணுவவீரர் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. “காது கேக்கற இல்லயா?”

அம்மா அவருடைய வாயையே பார்த்தார். “என்ன தம்பி? ஏன் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க? கொஞ்சம் வெளிய கதைங்க.”

“ஐயா, அம்மாக்குச் சுகமில்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ” என்றாள் கேதா மூச்சு வாங்கியபடி.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இனி நிக்க வேணும். சரியா? நிக்க இல்ல எண்டா பெரிய கரச்சல்.”

அந்தப் பெரிய தொல்லை என்னவென்று கேதாவுக்குத் தெரியும். அவளுக்குப் பத்து வயது. சுனாமி வந்து மூன்று வருடம் கழிந்திருந்தது. சண்டையில் ஊரை விட்டு ஓடி, வாகரைக்குத் திரும்பி வந்து ஒரு வருடம். ‘நில்’ என்றால் நிற்க வேண்டும் என்பது அங்கே நண்டு பிடிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அம்மாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

வீட்டுக்கு வந்தபோது அப்பா தங்கராசா வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேதா நடந்ததைச் சொன்னாள். அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“இனிச் சைக்கிளும் வேணாம், சந்தையும் வேணாம். உன்ட அம்மா வீட்டோட இருக்கட்டும்.”

மாசி மாதம் அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழித்த பிறகு எழுந்தார், நடந்தார், சமைத்தார், தெளிவாகப் பேசினார். ஆனால் மற்றவர்கள் பேசினால் மட்டும் விழிப்பார். சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்து, “காதில் ஒரு குறையும் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா, “எனக்கு வீட்டுக்குள்ள இருக்க ஏலாது” என்று பிடிவாதமாகச் சைக்கிளை எடுத்திருந்தார்.

செய்தி கேட்டு அம்மாவின் அண்ணன் கந்தப்பன் மாமா வந்தார். வந்ததும் ஒரே முடிவாகச் சொன்னார்.

“காது நல்லம் எண்டா வேற என்ன? கடலோட போனதுகள்ல ஏதோ ஒண்டு இவளப் புடிச்சிரிக்கு. வெள்ளிக்கிழமை பூசாரியிட்டக் கொண்டு போவம். வேப்பங்குழையால நாலு அடி போட்டா ஓடிரும்.”

“அடிக்கிறதா?” என்றாள் கேதா.

“இவளுக்கில்ல புள்ள, பேய்க்கு.”

அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னப் பத்தியா கதைக்கிறீங்க? ஏன் எனக்கு விளங்காமக் கதைக்கிறீங்க?”

மாமா குனிந்து அம்மாவின் காதுக்குள், “வெள்ளிக்கிழமை!” என்று ஊர் கேட்கக் கத்தினார்.

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “ஐயோ அண்ணன், கத்தாதீங்க! காது வலிக்குது!”

கேதா அதைக் கவனித்தாள். காது கேட்காதவருக்குக் கத்தினால் ஏன் வலிக்கிறது? லொறிக்கு நின்றவர், தன் குரலுக்கு ஏன் நிற்கவில்லை?

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. கேதாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தாள். நகத்தைக் கடித்தாள். சாப்பாட்டில் பாதியைக் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் காலை அப்பா மீன் பிடிக்கத் தோணியில் களப்புக்குப் போய்விட்டார். சித்திரை விடுமுறை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா குசினியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

கேதா பழைய கணக்குக் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, தட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். கரண்டியால் பானையில் தட்டினாள்.

“ஆர் பானையில தட்டுற?” என்றார் அம்மா.

கேதா எழுதினாள்: பானை. சரி.

சைக்கிள் பெல்லை அடித்தாள்.

“பெல்ல விடு புள்ள, பழுதாப் போயிரும்.”

பெல். சரி.

அம்மாவுக்கு இது ஏதோ விளையாட்டென்று விளங்கிவிட்டது. துருவிக்கொண்டே பதில் சொன்னார். கேதா ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தாள். அது கோபமாக ‘ம்மே’ என்றது. “பாவம், ஆட்டக் கரச்சல்படுத்தாத.” கேதா இருமினாள். “என்ன, தடிமனா?” கூரையில் காகம் ஒன்று தானாகவே வந்து கரைந்தது. “காகம். ஆரோ வரப் போறாங்க.”

களப்புப் பக்கமிருந்து ஒரு தோணியின் எஞ்சின் சத்தம் கேட்டது. கேதா வாசலுக்கு ஓடினாள்.

“அது அப்பா இல்ல” என்றார் அம்மா திரும்பாமலே. “நம்மட எஞ்சின் இடைக்கிட விக்கும். இது விக்காம ஓடுது.”

உண்மைதான். வந்தது வேறு தோணி. கேதாவுக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

கேதா மீண்டும் தட்டிக்குப் பின்னால் போனாள். வாயைத் திறந்தாள்.

“அம்மா, எனக்குப் பசிக்குது.”

துருவும் சத்தம் நின்றது.

“கேதா?” என்றார் அம்மா மெதுவாக. “நீதானே? உன்ட குரல் எண்டு தெரியுது. ஏன் அழப் போற மாதிரிக் கதைக்கிறாய்? என்ன சொன்ன எண்டுதான் விளங்கல்ல.”

கேதா அவரிடம் ஓடினாள். “நில்லுங்க எண்டா விளங்குதா? நில்லுங்க! நில்லுங்க!”

விளங்கவில்லை என்று அம்மா தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

கேதா கொப்பியில் ஒரு கோடு போட்டாள். கோட்டின் இடப்பக்கம் பானை, பெல், ஆடு, இருமல், காகம், எஞ்சின். வலப்பக்கம் ‘பசிக்குது’, ‘நில்லுங்க’. எழுதி முடிப்பதற்குள் அம்மா எட்டிப் பார்த்தார்.

“நில்லுங்க” என்று வாசித்தார். “ஆர் நிக்கிற?”

கேதாவின் பென்சில் கீழே விழுந்தது.

அம்மா ஏழாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு யார் யாருக்கு எழுதிக் காட்டுவார்கள்? அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை.

கேதா பென்சிலைத் தேடி எடுத்து வேகவேகமாக எழுதினாள். ‘அம்மா, நாங்க கதைக்கிறது உங்களுக்கு எப்படிக் கேக்குது?’

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இரண்டு மாதமாக அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வந்தது.

“எல்லாரும் கடகட எண்டு வேற ஏதோ நாட்டுப் பாஷை கதைக்கிற மாதிரிக் கிடக்கு. சத்தம் வருது, சொல்லு வருகுதில்ல. முதல்ல நீங்க எல்லாரும் என்னோட கோவம் எண்டு நினைச்சன். மறுகா எனக்குத்தான் விசர் புடிச்சிட்டு எண்டு நினைச்சன். அதான் ஒருவரிட்டயும் சொல்லல்ல.”

‘உங்களுக்கு விசர் இல்ல’ என்று எழுதினாள் கேதா. கொஞ்சம் யோசித்து, ‘மாமாவுக்குத்தான் கொஞ்சம்’ என்று சேர்த்தாள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

மாலையில் அப்பா வந்ததும் கேதா கொப்பியை அவர் கையில் திணித்தாள். அப்பா வாசித்தார். பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நெடுநேரம் எழுதினார். ஏதோ பெரிய விசயம் என்று கேதா எட்டிப் பார்த்தாள்.

‘இண்டைக்கு வலையில நண்டு பட்டது.’

“எவ்வளவு பெரிசு?” என்று கேட்டார் அம்மா.

அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“பொய்!” என்றார் அம்மா. அப்பா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கந்தப்பன் மாமா அசையவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப அது வாசிக்கத் தெரிஞ்ச பேய்” என்றார். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்.”

“வெள்ளிக்கு முதல் வியாழன் வருது மச்சான்” என்றார் அப்பா. “ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறம்.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் புறப்பட்டார்கள். பஸ் ஒவ்வொரு சாவடியிலும் நின்றது. எல்லோரும் இறங்கி நடந்து, மறுபடி ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. கேதா ஒரு காலில் நின்றாள், மறு காலில் நின்றாள். சுவரில் பல்லிகளை எண்ணினாள். எண்ணியவை இடம் மாறியதால் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

ஒருவழியாக அவர்களுடைய முறை வந்தது. டொக்டர் நஸீபா இளம் வயதுக்காரர். மேசையில் துண்டுச் சீட்டுகள் குவிந்திருந்தன. அவர் அம்மாவின் பழைய துண்டைப் பார்த்தார்.

“காது நல்லா இருக்கு எண்டு எழுதியிருக்கே. அடுத்த மாசம் வந்து...”

“டொக்டர், இத வாசிங்க!” கேதா கொப்பியை அந்தத் துண்டுகளுக்கு மேலேயே வைத்துவிட்டாள். அப்பா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

டொக்டர் கொப்பியைப் பார்த்தார். இடப்பக்கம். வலப்பக்கம். பேனையைக் கீழே வைத்தார்.

“இத ஆர் எழுதின?”

“நான்தான்.”

“எஞ்சின் சத்தத்துல வித்தியாசம் சொன்னாவா?”

“ஓம். எனக்கே தெரியல்ல. அம்மா சொன்னா.”

டொக்டர் எழுந்து அம்மாவுக்குப் பின்னால் போனார். சாவிக்கொத்தை ஆட்டினார். “சாவி” என்றார் அம்மா. காகிதம் ஒன்றைக் கிழித்தார். “கடதாசி கிழியுது.” பிறகு டொக்டர், “உங்கட பேர் என்ன?” என்று கேட்டார்.

“ஒரு பொம்புள கதைக்கிறா. புதுக் குரல்” என்றார் அம்மா. “என்ன எண்டு தெரியா.”

டொக்டர் அம்மாவின் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். இடது காதுக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது.

“சுனாமியில மரக்குத்தி அடிச்சது” என்றார் அப்பா. “அப்ப ஒண்டும் ஆகல்ல. தலையிடி மட்டும் வரும்.”

அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய், தலைக்குள் படம் எடுத்தார்கள். படம் வந்ததும் டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“காது சத்தத்தக் கொண்டு போய்க் குடுக்கும், அவ்வளவுதான். அது என்ன சத்தம் எண்டு கண்டுபுடிக்கிறது மூளை. ஆடு கத்தினா, பெல் அடிச்சா, கண்டுபுடிக்க நேரம் இரிக்கு. ஆனா பேச்சு அப்படியில்ல. நாம ‘பசிக்குது’ எண்டு சொல்லுறதுக்குள்ள எத்தின சின்னச் சின்னச் சத்தம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஓடுது, பாருங்க. ‘ப’வா ‘க’வா எண்டு ஒரு நொடிக்குள்ள பிரிக்க வேணும். அந்த வேலைக்கு மூளையில தனி இடம் இரிக்கு.”

“அம்மாட அந்த இடம் உடைஞ்சிட்டா?” என்றாள் கேதா.

“இடது பக்கம் சுனாமியில அடிபட்டிருக்கு. வலது பக்கம்தான் எப்படியோ சமாளிச்சு வந்திருக்கு. மாசி மாசம் விழுந்தாவே, அப்ப வலது பக்கமும் இரத்தம் அடைச்சிட்டு.”

“சுகமாகுமா?”

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். “கொஞ்சம் கொஞ்சமாத் தேறலாம். தேறாமலும் போகலாம். எனக்குத் தெரியாது மகள். மருந்து தாறன். நீங்க முகத்துக்கு நேர நிண்டு, மெதுவா, ரெண்டு ரெண்டு சொல்லாக் கதைங்க. வாயப் பார்த்தும் கொஞ்சம் புடிப்பா. கத்துறதால ஒரு பிரயோசனமும் இல்ல.”

பிறகு பாலத்துச் சம்பவத்தைக் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கேதாவின் கொப்பியிலிருந்த பக்கத்தைத் தனக்கும் வேண்டுமென்று பிரதி எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கந்தப்பன் மாமா வந்தார். கையில் ஒரு கட்டு வேப்பங்குழை. அம்மா வாசலுக்குப் போய் அண்ணனுக்கு முன்னால் நின்றார்.

“அண்ணன், என்ட மூளையில ரெண்டு காயம். நீங்க அடிச்சா மூணாகும். வேப்பங்குழைய ஆட்டுக்குப் போடுங்க, அது பசியில கத்துது. எனக்கு நல்லாக் கேக்குது.”

மாமா வேப்பங்குழையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். கடைசியில் ஆட்டுக்குத்தான் போட்டார். கேதா அவரிடம் பென்சிலையும் கொப்பியையும் நீட்டினாள். தங்கையிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

மாமா எழுதினார்: ‘தேத்தண்ணி இரிக்கா?’

“இருங்க, போடுறன்” என்றார் அம்மா.

ஆனால் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. அம்மா மறுநாள் சந்தைக்குப் போகத்தான் போவதாகச் சொன்னார். கடிதத்தைக் காட்டினால் போதும் என்றார் அப்பா. கேதாவுக்கு அது போதாது என்று பட்டது. கடிதத்தைக் காட்ட முதலில் நிற்க வேண்டும். நிற்கச் சொல்வது அம்மாவுக்கு விளங்காது. அவள் கொப்பியின் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானை. பெல். எஞ்சின். பாலத்தில் கேட்ட லொறி ஹோர்னும் நினைவுக்கு வந்தது. அந்த இராணுவவீரர்களிடம் என்ன சத்தம் இருக்கிறது?

சனிக்கிழமை பாலத்தடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அம்மாவைச் சைகையால் நிறுத்திவிட்டு, கேதா தனியாக நடந்தாள். அதே இராணுவவீரர்தான் நின்றார். அவருடைய தோளில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் விசில்.

கேதா கடிதத்தை நீட்டினாள். அவர் சிங்களப் பக்கத்தை வாசித்தார்.

“சத்தம் கேக்கும். பேச்சு கேக்காது?” என்றார் நம்பாமல்.

“ஓம் ஐயா.”

அவருடைய முகத்தில் சிரிப்பு வந்தது. “என்ட அம்மாவும் அப்படித்தான். லீவு குடுக்க இல்ல, வர ஏலாது எண்டு நான் சொன்னா, அது மட்டும் கேக்காது.”

“ஐயா, நீங்க ‘நில்லு’ எண்டு சொல்லாம விசில் ஊதினா அம்மா நிப்பா.”

அவர் யோசித்தார். பிறகு மற்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மற்றவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். கேதா அம்மாவுக்குக் கையைக் காட்டினாள். அம்மா சைக்கிளை மிதித்து வந்தார்.

“நில்லு!” என்றார் இராணுவவீரர்.

சைக்கிள் அவரைத் தாண்டிப் போனது. கேதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். அடுத்த நொடி அம்மா பிரேக்கைப் பிடித்தார். கால் தரையில் ஊன்றியது. திரும்பிப் பார்த்து, “விசில் ஊதினது எனக்கா தம்பி?” என்று கேட்டார்.

“நல்லம், நல்லம்” என்றார் இராணுவவீரர், தானே ஏதோ கண்டுபிடித்தவரைப் போல.

“நாளைக்கு வேற ஆள் வந்து நிண்டா?” என்று கேட்டாள் கேதா. அவளால் அதைக் கேட்காமல் போக முடியவில்லை.

அவர் கடிதத்தை மறுபடி வாங்கி, அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, விசில் ஊத வேண்டும் என்பதையும் சேர்த்தார். சாவடியின் உள்பக்கப் பலகையில் அந்தத் தாளை ஆணியடித்து மாட்டினார். ஆணி கோணலாகிப் போனது. கழற்றி மறுபடி அடித்தார். கேதா அது விழாதென்று உறுதியாகத் தெரியும் வரை அங்கேயே நின்றாள்.

இறால் சீக்கிரம் விற்றுவிட்டது. வாங்க வந்தவர்கள் விரலைக் காட்டினார்கள், அம்மா நிறுத்துக் கொடுத்தார். திரும்பும்போது வெறும் பெட்டியை முன்னால் தொங்கவிட்டு, கேதாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டார். களப்புக் காற்று முகத்தில் அடித்தது.

“என்ன புள்ள, சும்மா வாறாய்? கதையன்” என்றார் அம்மா.

கேதா அம்மாவின் முதுகைப் பார்த்தாள். ஓடுகிற சைக்கிளில் எப்படி எழுதிக் காட்டுவது?

“விளங்காது எண்டு தெரியும்” என்றார் அம்மா. “அது பரவால்ல. உன்ட குரல் எனக்குத் தெரியும்தானே. நீ கதை, நான் கேட்டுக்கொண்டு வாறன்.”

கேதா முதலில் பல்லிகளைப் பற்றிச் சொன்னாள். டொக்டரின் பேனையைப் பற்றி, வருகிற புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமை எவ்வளவு பயந்தாள் என்பதையும் சொன்னாள். அம்மா இடைக்கிடை “ம்” கொட்டினார். அநேகமாகப் பிழையான இடங்களில்தான் கொட்டினார்.

கேதாவுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு மெல்லச் சொன்னாள். “அம்மா, சித்திரை வருசத்துக்கெண்டு நீங்க ஒளிச்சு வைச்ச பயத்தம் பணியாரத்துல ஆறு குறைஞ்சிதே. அது எலி இல்ல. நான்தான் திண்டன்.”

“நல்லம் புள்ள” என்றார் அம்மா தலையை ஆட்டி. “நல்ல வேலை செய்தாய்.”

கேதா கரியரிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, எதற்கென்று தெரியாமலே அம்மாவும் சிரித்தார்.